பழைய காரின் கார்ப்பரேட்டர் கோளாறு: வீட்டிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

கார் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தாலும், மேட்டில் இழுக்காமல் திணறினாலும், சைலன்சரில் கரும்புகை கக்கினாலும், பலருக்கும் முதலில் கை போவது கார்ப்பரேட்டரில் இருக்கும் ஸ்க்ரூவுக்குத்தான். ஆளுக்கு ஒரு சுற்று திருப்பிப் பார்ப்பார்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு கோளாறு மூன்றாகிவிடும். நேற்று வரை நன்றாக ஓடிய வண்டியில் ஸ்க்ரூ தானாக நகர்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எங்கோ தூசி அடைத்திருக்கும், காற்று ஒழுகும், ரப்பர் கிழிந்திருக்கும். இல்லையென்றால் கோளாறே வேறு இடத்தில் இருக்கும். அதனால் முதலில் கண்டுபிடியுங்கள். திருப்புளியைக் கடைசியில் எடுக்கலாம்.

உள்ளே நடப்பது என்ன

கார்ப்பரேட்டரின் நடுவே இடுப்பு ஒடுங்கிய குழாய் ஒன்று இருக்கும். அதுதான் வெஞ்சுரி. இஞ்சின் உறிஞ்சும் காற்று அந்த ஒடுங்கிய இடத்தில் வேகம் எடுக்கும். வேகம் கூடினால் அங்கே அழுத்தம் குறையும். பக்கத்தில் இருக்கும் சிறு பவுலில் பெட்ரோல் நிற்கிறது. அதன் மேல் வெளிக்காற்று அழுத்துவதால், பெட்ரோல் ஜெட் எனும் சிறு பித்தளைத் திருகின் துளை வழியே மேலேறி, காற்றோடு பொடிப்பொடியாகக் கலந்து உள்ளே போகிறது. எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் இருந்தால் இரண்டும் மிச்சமில்லாமல் எரியும். முழு இழுவை வேண்டும்போது 13 பங்கு காற்றுக்கு அருகில் தேவை. குளிர்ந்த இஞ்சினுக்குப் பெட்ரோல் இன்னும் அதிகம் வேண்டும். அதற்குத்தான் சோக்; பெரும்பாலும் அது காற்று வழியை மறைத்துப் பெட்ரோலைக் கூட்டும்.

பவுலில் பெட்ரோல் மட்டத்தைப் பார்த்துக்கொள்வது ஃப்ளோட்டும் ஊசி வால்வும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வு செய்யும் அதே வேலை. மட்டம் ஏறினால் ஃப்ளோட் உயர்ந்து ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும்.

இதற்கு மேல் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. பெரும்பாலான கார்ப்பரேட்டர்களில் ஒவ்வொரு வேகத்துக்கும் பெட்ரோல் போகும் பாதை தனித்தனி. ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஐடில் ஜெட். ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது, காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டின் ஓரத்தில் இருக்கும் சிறு இடைத்துளைகள். ஓட்டத்தில் மெயின் ஜெட். சட்டென்று மிதித்தால் ஆக்ஸிலரேட்டர் பம்ப் பீய்ச்சும் ஒரு சொட்டு. எந்த வேகத்தில் வண்டி தகராறு செய்கிறதோ, அந்த வேகத்துக்கான பாதையில்தான் கோளாறு. இது மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தீ பற்றி, தொடங்கும் முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையில் படிந்து, பள்ளங்களில் தேங்கி நிற்கும். மூடிய ஷெட்டுக்குள் இந்த வேலை வேண்டாம்; வெளியில் அல்லது நன்றாகக் காற்றோடும் இடத்தில் செய்யுங்கள். பக்கத்தில் அடுப்போ, கேஸ் ஹீட்டரோ, எரியும் சிகரெட்டோ இருக்கக் கூடாது. பெட்ரோல் லைனைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை எடுத்துவிடுங்கள். பவுடர் தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்.

இன்னொன்று: ஸ்டார்ட் ஆகாத வண்டியின் கார்ப்பரேட்டர் வாயில் பாட்டிலில் பெட்ரோலைச் சாய்த்துக்கொண்டே இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லும் பழக்கம் உண்டு. இஞ்சின் ஒருமுறை திருப்பி அடித்தால், அந்தத் தீ நேராகப் பாட்டிலுக்கும் முகத்துக்கும் வரும். எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

முதலில் கரண்ட், பிறகு பெட்ரோல்

பழைய வண்டிகளில் கார்ப்பரேட்டர் கோளாறு என்று நினைப்பதில் பெரும் பங்கு, ஸ்பார்க்குக்காகக் கரண்டை வெட்டித் தரும் பாயிண்ட் தேய்ந்ததும், அதோடு இருக்கும் கண்டன்சர் செத்ததும் செய்யும் வேலை. இரண்டின் அறிகுறிகளும் ஒன்றுபோலவே இருக்கும்: மிஸ் அடிக்கும், இழுக்காது, சூடானதும் நின்றுவிடும்.

பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து பாயிண்டைப் பாருங்கள். முகம் கருகி, ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியுமாக இருந்தால் பாயிண்டையும் கண்டன்சரையும் சேர்த்தே மாற்றுங்கள். இடைவெளி பல வண்டிகளுக்கு 0.35 முதல் 0.40 மி.மீ. வரை, ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் வேக்குவம் அட்வான்ஸ் டயாஃப்ரம் (உறிஞ்சலுக்கு ஏற்ப ஸ்பார்க் நேரத்தை முன்தள்ளும் மெல்லிய சவ்வு) இருந்தால், அதன் ஹோஸைக் கார்ப்பரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சிப் பாருங்கள். உள்ளே தட்டு நகர வேண்டும். நாக்கை வைத்து அடைத்தால் உறிஞ்சல் பிடித்து நிற்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அந்தக் கிழிசல் வழியே காற்றும் கள்ளத்தனமாக உள்ளே போகும். ஒரே ஓட்டை, இரண்டு கோளாறு.

வால்வு இடைவெளியையும் கம்ப்ரஷனையும் பார்த்துவிடுவது நல்லது. ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்திருந்தால், எந்தக் கார்ப்பரேட்டராலும் அதைச் சமாளிக்க முடியாது.

அடுத்து, பவுலுக்குப் பெட்ரோல் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க வேண்டும். இக்னிஷன் காயிலுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஸ்பார்க் வரக் கூடாது. கார்ப்பரேட்டரில் சேரும் பெட்ரோல் ஹோஸைக் கழற்றி, உயரமான பாட்டிலுக்குள் விட்டு, உதவிக்கு ஒருவரைப் பத்து வினாடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனைக்கு மட்டும் பேட்டரி கேபிள் இணைந்திருக்க வேண்டும். நல்ல மெக்கானிக்கல் பம்ப் ஒவ்வொரு துடிப்புக்கும் பலமாகப் பீய்ச்சும். சொட்டுச் சொட்டாக வந்தால் பம்ப் டயாஃப்ரம், அடைத்த ஃபில்டர், டேங்குக்கும் பம்புக்கும் இடையே வெடித்த ரப்பர் ஹோஸ் என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போங்கள். உறிஞ்சும் பக்கத்து ஹோஸில் வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே இழுபடும். ஆகவே ஈரம் தெரியவில்லை என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள்.

பாட்டிலில் பிடித்த பெட்ரோலை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அடியில் சிவந்த தூள் என்றால் டேங்க் துரு. முத்துமுத்தாக உருண்டு ஓடுவது தண்ணீர். வார்னிஷ் போல மக்கிய வாடை அடித்தால் பெட்ரோல் பழசாகிவிட்டது. அதை வைத்துக்கொண்டு எந்த ட்யூனிங்கும் செய்ய வேண்டாம்.

வண்டி அரை மணி நேரம் ஓடி நின்றுபோய், கொஞ்ச நேரம் விட்டதும் மறுபடி ஓடுகிறதா? நின்றவுடன் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அதைக் குத்திவிட்டால் வேலை முடிந்தது.

பெட்ரோல் அதிகமா, குறைவா

கரண்ட் சரி, பெட்ரோல் வருகிறது, ஆனாலும் வண்டி திணறுகிறது என்றால் இப்போதுதான் கார்ப்பரேட்டர் பக்கம் திரும்ப வேண்டும். அப்போதும் கேள்வி ஒன்றுதான்: கலவையில் பெட்ரோல் அதிகமா, குறைவா?

இதற்கு மிகச் சுலபமான கருவி சோக். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, திணறும் அதே நேரத்தில் சோக்கைக் கால்வாசி இழுங்கள். திணறல் குறைந்து இழுவை வந்தால் பெட்ரோல் போதவில்லை. இன்னும் மோசமானால் ஏற்கெனவே அதிகம். ஆட்டோமேட்டிக் சோக் உள்ள வண்டியில் ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, கார்ப்பரேட்டர் வாயை ஒரு கனத்த அட்டையால் பாதி மறைத்தாலும் இதே பதில் கிடைக்கும். கையால் மூட வேண்டாம்; திருப்பி அடித்தால் கை சுடும்.

பெட்ரோல் குறைந்தால் கார்ப்பரேட்டர் வாய் வழியே 'டப் டப்' என்று தும்மும், மிதித்தவுடன் ஒரு கணம் தூங்கிவிட்டு எழும், சூடாகும். பிளக் முனை சுண்ணாம்பு போல வெளுத்திருக்கும். அதிகமானால் கரும்புகை, பெட்ரோல் வாடை, ஒழுங்கில்லாத கனத்த ஐடில், சூடான பிறகு கஷ்டப்பட்டு ஸ்டார்ட் ஆவது. பிளக்கில் காய்ந்த கரி படிந்திருக்கும். கரி ஈரமாகவும் எண்ணெய்ப் பசையாகவும் இருந்தால் அது பெட்ரோல் அல்ல, இஞ்சின் ஆயில். ரிங் அல்லது வால்வு கைடு பிரச்சினை. காபிப்பொடி நிறம் நல்ல நிறம்.

பிளக்கைப் பார்க்க ஒரு ஒழுங்கு உண்டு. வீட்டுக்கு வந்து ஐடிலில் ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுக் கழற்றினால் ஐடிலின் நிறம்தான் தெரியும். எந்த வேகத்தில் சந்தேகமோ அந்த வேகத்தில் ஓட்டி, பாதுகாப்பான இடத்தில் கிளட்சை மிதித்து, அங்கேயே இஞ்சினை நிறுத்தி, ஓரமாக உருட்டி நிறுத்திப் பிறகு கழற்றிப் பாருங்கள். பவர் பிரேக், பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் இப்படிச் செய்யாதீர்கள்.

எந்த வேகத்தில் தகராறு

சோக் போட்டால்தான் ஐடிலில் நிற்கிறது, ஓட்டத்தில் நன்றாக இருக்கிறது என்றால் ஐடில் ஜெட் அடைத்திருக்கிறது. ஐடில் ஜெட்டின் துளை பெரும்பாலும் அரை மி.மீ. அளவுதான், ஒரு துணுக்குத் துரு போதும். இதற்குச் சாட்சி மிக்ஸர் ஸ்க்ரூ, அதாவது ஐடில் கலவையைத் திருத்தும் ஸ்க்ரூ: அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் இஞ்சின் சத்தத்தில் மாற்றமே இல்லையென்றால் அந்தப் பாதையில் பெட்ரோல் ஓடவில்லை. 1960-களின் பிற்பகுதிக்குப் பிறகு வந்த பல கார்ப்பரேட்டர்களில் ஐடில் பாதையை அடைக்க ஒரு மின் சோலனாய்டும் உண்டு. சாவியைப் போட்டு அதன் ஒயரைத் தொட்டுத் தொட்டு எடுங்கள். 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் ஜெட்டைச் சந்தேகிக்கும் முன் அந்த ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்.

ஐடில் நன்றாக இருந்து, சட்டென்று மிதித்தால் மட்டும் ஒரு கணம் செத்துப் பிழைக்கிறது என்றால் ஆக்ஸிலரேட்டர் பம்ப். இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இஞ்சினை நிறுத்துங்கள், ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள், டார்ச் அடித்துக் கார்ப்பரேட்டர் தொண்டைக்குள் பாருங்கள். த்ராட்டில் லீவரைக் கையால் மெதுவாகத் திறங்கள். லீவர் அசைந்த அதே கணத்தில், சுவரில் இருக்கும் சிறு மூக்கிலிருந்து ஊசி நூல் போல ஒரு தாரை நேராகக் கீழே இறங்க வேண்டும். லீவர் பாதி தூரம் போன பிறகு வந்தால் பம்பின் இணைப்புக் கம்பி தேய்ந்திருக்கிறது அல்லது உள்ளே இருக்கும் குண்டு வால்வு ஒழுகுகிறது. சுவரில் வழிந்து இறங்கினால் மூக்குத் துளை பாதி அடைத்திருக்கிறது. எதுவுமே வரவில்லையென்றால் டயாஃப்ரம் கிழிந்திருக்கும், தோல் வாஷர் வைத்த மாடலில் தோல் காய்ந்து சுருங்கியிருக்கும். காய்ந்த தோலை ஒரு இரவு மெல்லிய எண்ணெயில் ஊறப்போட்டு, ஓரத்தை விரலால் மெல்ல விரித்துவிட்டால் பல முறை உயிர் வரும்.

லேசாக மிதித்து ஒரே சீராகப் போகும்போது வெட்டி வெட்டி ஓடினால் இடைத்துளைகள் அல்லது காற்றுக் கசிவு. அதிக வேகத்தில், அல்லது நீண்ட மேட்டில் மட்டும் மூச்சு வாங்கினால் மெயின் ஜெட், பவுலுக்கு வரும் பெட்ரோல் அளவு, ஊசி வால்வு வாயில் இருக்கும் சல்லடை ஆகியவற்றைப் பாருங்கள்.

அடைப்பு என்றாலே பெட்ரோல் குறையும் என்று நினைத்துவிட வேண்டாம். மெயின் ஜெட்டுக்கு மேலே காற்றுக்கென்று தனி ஜெட் இருக்கும். அது அடைத்தால் பெட்ரோல் அதிகமாகிக் கரும்புகை வரும். பெட்ரோல் ஜெட்டை மட்டும் சுத்தம் செய்துவிட்டு இதை மறந்துவிடுவது புதியவர்களின் வழக்கமான தவறு. அமெரிக்க வண்டிகளில் காணும் பழைய ஹோலி கார்ப்பரேட்டர்களில் இன்னொரு காரணம் உண்டு. இஞ்சின் ஒருமுறை பலமாகத் திருப்பி அடித்தால், முழு இழுவைக்குக் கூடுதல் பெட்ரோல் தரும் பவர் வால்வின் டயாஃப்ரம் கிழியும். அதன் பிறகு ஐடிலில் கரும்புகை வரும், மிக்ஸர் ஸ்க்ரூ எதற்கும் மசியாது.

ஓவர்ஃப்ளோ

கார்ப்பரேட்டர் மேலிருந்தோ காற்றுத் துளையிலிருந்தோ பெட்ரோல் வழிந்தால் உடனே இஞ்சினை நிறுத்துங்கள். இஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான மெனிபோல்டு பெரும்பாலும் நேர் கீழே இருக்கிறது.

காரணம் மூன்றில் ஒன்று: ஊசி வால்வில் தூசி, ஃப்ளோட்டில் ஓட்டை, பம்பின் அழுத்தம் அதிகம். முதலில், பவுலில் ஊசி வால்வு இருக்கும் இடத்தைத் திருப்புளியின் மரப்பிடியால் இரண்டு தட்டு தட்டுங்கள். வழிவது நின்றால் தூசிதான். ஆனால் அது அங்கேயே இருக்கிறது, அதனால் திறந்து சுத்தம் செய்தே ஆக வேண்டும். ஊசியின் கூம்பு முனையை நகத்தால் தடவிப் பாருங்கள். வளையம் போல ஒரு பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால் ஊசியையும் அதன் இருக்கையையும் ஜோடியாக மாற்றுங்கள். எலெக்ட்ரிக் பம்ப் புதிதாக மாட்டிய வண்டி என்றால் அழுத்தத்தை அளவிடுங்கள். பிரிட்டிஷ் வண்டிகளின் எஸ்.யு. வகைக்கு 3 பி.எஸ்.ஐ., வெபர் கார்ப்பரேட்டருக்கு 3.5 பி.எஸ்.ஐ. வரை போதும், ஹோலி 6, 7 வரை தாங்கும். அதற்கு மேல் தள்ளினால் நல்ல ஊசியும் திறந்துகொள்ளும்.

பித்தளை ஃப்ளோட்டை முதலில் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சளசளவென்றால் ஓட்டை நிச்சயம். சந்தேகமாக இருந்தால் இஞ்சினிலிருந்து தள்ளி, ஒரு கிண்ணத்தில் அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரை எடுத்து, ஃப்ளோட்டை இடுக்கியால் முழுக்கி அப்படியே பிடியுங்கள். சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரியும். ஓட்டை இருந்தால் அந்த இடத்திலிருந்து குண்டூசித் தலை அளவில் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டி ஏறும். அங்கே பென்சிலால் குறியிடுங்கள். உள்ளே பெட்ரோல் ஒரு சொட்டு இருக்கும் வரை பற்றவைப்பு இரும்பைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. வெந்நீரில் திரும்பத் திரும்ப வைத்து ஆவியாக்கி, ஒரு நாள் வெயிலில் காயவிட்டு, குலுக்கிப் பார்த்து, வாடையே இல்லை என்று உறுதியான பிறகே ஈயம் வைக்க வேண்டும். ஈயம் கொஞ்சமாகப் போதும். அதிகம் வைத்தால் ஃப்ளோட் கனத்து, மட்டம் ஏறும். கார்க் ஃப்ளோட் இருக்கும் மிகப் பழைய கார்ப்பரேட்டரில், மேல்பூச்சான அரக்கை எத்தனால் கலந்த பெட்ரோல் கரைத்துவிடும்; கார்க் ஊறி மூழ்கும். அதற்கு மாற்று ஃப்ளோட் தேடுவதே நல்லது.

காற்றுக் கசிவு

பெட்ரோல் குறைவு என்று சோக் சொல்லிவிட்டது, ஜெட்டுகளும் சுத்தம் என்றால், அளவில்லாத காற்று எங்கோ உள்ளே போகிறது. கார்ப்பரேட்டர் அடி பேக்கிங், கலவை இஞ்சினுக்குள் போகும் மெனிபோல்டின் பேக்கிங், பிரேக் மிதிப்பை லேசாக்கும் சர்வோவின் ஹோஸ், த்ராட்டில் தண்டு என்று நான்கு இடம்.

கார்ப் கிளீனரை அடித்துச் சோதிப்பவர்கள் உண்டு. சூடான சைலன்சர் குழாய்க்கு மேல் அது தீக்கு அழைப்பு. செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரில் தண்ணீர் எடுத்து, ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு மூட்டாகத் தெளியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கசியும் இடத்தில் தண்ணீர் படும்போது ஒரு கணம் இஞ்சின் சத்தம் மாறும். வேக்குவம் கேஜ் இருந்தால் இன்னும் எளிது: கடல் மட்டத்தில், நல்ல இஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரசக் கணக்கில்) காட்டும், 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு அங்குலம் குறையும். முள் அதற்குக் கீழே நிலையாக நின்றால் கசிவையோ பின்தங்கிய ஸ்பார்க் டைமிங்கையோ சந்தேகிக்கலாம்.

த்ராட்டில் தண்டை இரு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். தட்டுப்படும் அளவு ஆட்டம் இருந்தால் அங்கே காற்று போகிறது. இந்தத் தேய்மானத்தை எந்த ரிப்பேர் கிட்டாலும் சரிசெய்ய முடியாது. துளையைப் பெரிதாக்கிப் புஷ் போட வேண்டும், அதைக் கடைசல் பட்டறையில் கொடுத்துச் செய்வதே முறை. தண்டு ஆடும் கார்ப்பரேட்டரில் ஐடிலைச் சரிசெய்ய முயல்வது வீண் உழைப்பு.

கழற்றிச் சுத்தம் செய்தல்

உங்கள் மாடலுக்கான பேக்கிங் கிட் கையில் வந்த பிறகே கழற்றுங்கள்.

1. கழற்றும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு கம்பியும் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்பது தெரிய வேண்டும். வெளி அழுக்கைப் பிரஷ்ஷால் கழுவுங்கள்.

2. இறக்கியவுடன், கார்ப்பரேட்டர் உட்கார்ந்திருந்த மெனிபோல்டு வாயைச் சுத்தமான துணியால் அடையுங்கள். உள்ளே விழுந்த ஒரு நட்டு இஞ்சினையே தின்றுவிடும்.

3. மிக்ஸர் ஸ்க்ரூவை எடுக்கும் முன், எத்தனை சுற்றில் உள்ளே போய்த் தொட்டு நிற்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். தொட்டவுடன் நிறுத்த வேண்டும். இறுக்கினால் ஊசிமுனையில் வளையம் விழும், பிறகு அது அட்ஜஸ்ட் ஆகாது.

4. பித்தளை ஜெட்டுக்குத் திருப்புளியின் முனை காடியில் இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் முனையைத் தேய்த்துப் பொருத்துங்கள். ஒவ்வொரு ஜெட்டிலும் எண் பொறித்திருக்கும். எது எந்தத் துளையிலிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். ஐடில் ஜெட்டும் காற்று ஜெட்டும் இடம் மாறினால் பிறகு நாள்கணக்கில் தலைவலி.

5. ரப்பர், டயாஃப்ரம், ஃப்ளோட் எல்லாவற்றையும் எடுத்த பிறகே உடலைக் கிளீனரில் போடுங்கள். கிளீனர் ரப்பரை ஊதவைக்கும்.

6. துளைகளில் கம்பி விடாதீர்கள். நூறில் ஒரு பங்கு மி.மீ. கணக்கில் அளந்து துளைத்த பித்தளை அது. கம்பி கீறினால் கலவையே மாறும். கிளீனரில் ஊறவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடியுங்கள். கண்ணாடி அணியுங்கள். பிடிவாதமான அடைப்புக்கு மெல்லிய மீன்பிடி நைலான் நரம்பு போதும். ஒரு துளையில் கிளீனரை அடித்தால் அது எங்கே வெளியே வருகிறது என்று பார்த்து, ஒவ்வொரு பாதையும் திறந்திருப்பதை உறுதி செய்யுங்கள். இந்த ஒரு வேலையில் அவசரம் காட்டுவதால்தான் பலர் இரண்டாம் முறை கழற்றுகிறார்கள்.

7. அடி முகப்பில் ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். நட்டுகளை அளவுமீறி இறுக்கியதால் ஓரங்கள் வளைந்திருக்கும். 0.1 மி.மீ. நுழைந்தால், தடித்த கண்ணாடி மேல் நீர்ப் பேப்பரை ஒட்டி, எட்டு வடிவில் தேய்த்துச் சமமாக்குங்கள். பேக்கிங்கில் சிலிக்கான் பூச வேண்டாம். பெட்ரோலில் அது நெகிழ்ந்து பிய்ந்து ஜெட்டுக்குள் போகும்.

8. ஃப்ளோட் உயரத்தைக் கையேட்டின் எண்ணுக்கு வையுங்கள். ட்ரில் பிட்டின் வழுவழுப்பான தண்டு நல்ல அளவுகோல். எஸ்.யு. எச்.எஸ். வகையில் மூடியைக் கவிழ்த்துப் பிடித்தால் ஃப்ளோட் கைக்கும் மூடிக்கும் நடுவே 3.2 முதல் 4.8 மி.மீ. இருக்க வேண்டும். பிறகு மூடியைக் கவிழ்த்தபடியே, பெட்ரோல் வரும் குழாயில் சுத்தமான ஹோஸ் மாட்டி வாயால் மெல்ல ஊதுங்கள். ஃப்ளோட் எடையில் ஊசி அடைத்து, காற்று போகக் கூடாது. கம்ப்ரஸர் வேண்டாம்.

மாட்டும்போது நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். உடல் பெரும்பாலும் துத்தநாக அல்லது அலுமினியக் கலவை; மரை வெகு சீக்கிரம் போய்விடும்.

ஐடிலும் மிக்ஸரும்

இஞ்சின் முழுச் சூட்டில், சோக் முழுதும் திறந்து, ஐடில் கையேட்டில் சொன்ன வேகத்தில் இருக்கட்டும். பல வண்டிகளில் அது 700 முதல் 850 ஆர்.பி.எம். வரை. மிக்ஸர் ஸ்க்ரூவைத் தொட்டு நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். கால் சுற்று கால் சுற்றாக உள்ளே திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் பத்து வினாடி காத்திருங்கள். இஞ்சின் தளர்ந்து தடுமாறும் இடம் வரும். அங்கிருந்து வெளியே திருப்பி, வேகம் உச்சத்துக்கு வந்து சீராகும் இடத்தில் நிறுத்துங்கள். ஐடில் ஏறியிருந்தால் வேக ஸ்க்ரூவைக் குறைத்து, மறுபடி மிக்ஸர். இரண்டு மூன்று முறையில் அமைந்துவிடும்.

சில கார்ப்பரேட்டர்களில் அந்த ஸ்க்ரூ பெட்ரோலுக்குப் பதில் காற்றை அளக்கும். அங்கே உள்ளே திருப்பினால் பெட்ரோல் கூடும். எது எது என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் 34 பிக்ட்-3 சோலெக்ஸ் கார்ப்பரேட்டரில் ஐடில் வேகத்துக்குத் தனி பைபாஸ் ஸ்க்ரூ உண்டு. த்ராட்டில் லீவரில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருப்பி வேகத்தைக் கூட்டினால் த்ராட்டில் தட்டு இடைத்துளைகளைத் தாண்டிவிடும். மிதித்தவுடன் தூங்கும் நோய் அதிலிருந்தே வரும்.

எஸ்.யு., ஸ்ட்ராம்பெர்க் வகை

மினி, மோரிஸ், எம்.ஜி. போன்ற பிரிட்டிஷ் வண்டிகளில் வரும் எஸ்.யு.வில் ஐடில் ஜெட்டும் இல்லை, பம்பும் இல்லை. ஒரு பிஸ்டன் காற்றுக்கு ஏற்ப ஏறி இறங்க, அதோடு கூம்பிய ஊசி ஒரே ஜெட்டைத் திறந்து மூடும். இதனால் சோதனையும் வேறு.

மேலே இருக்கும் டாம்பரை, அதாவது ஆயிலில் நின்று பிஸ்டன் ஏறும் வேகத்தைத் தணிக்கும் தண்டை, கழற்றிவிட்டு, பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். 'டொக்' என்று தடையின்றி விழ வேண்டும். ஒட்டினால் பிஸ்டனின் உறையான சேம்பரைக் குறியிட்டுக் கழற்றி, பிஸ்டனையும் உட்சுவரையும் துணியால் மட்டும் துடையுங்கள். உப்புத்தாள் படக் கூடாது. டாம்பர் குழாயில் எஸ்.ஏ.இ. 20 ஆயில், உள்தண்டின் முனைக்கு மேல் 13 மி.மீ. நிற்கட்டும். ஆயில் வற்றினால், பம்ப் கெட்ட வண்டி போலவே மிதித்தவுடன் திணறும். பல வண்டிகளுக்கு இந்த ஒரு ஸ்பூன் ஆயில்தான் மருந்து.

மிக்ஸர் சோதிக்க, ஐடிலில் பிஸ்டனை 0.8 மி.மீ. மட்டும் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே சாய்ந்தால் குறைவு. லேசாக ஏறிப் பழைய வேகத்துக்குத் திரும்பினால் சரி. எச்.எஸ். வகையில் கீழே இருக்கும் ஜெட் நட்டைத் தொடக்கத்தில் முழுதும் மேலே ஏற்றி, அங்கிருந்து இரண்டு சுற்று, அதாவது 12 முகம் இறக்குங்கள். பிறகு ஒரு முகம் ஒரு முகமாகத் திருத்துங்கள். இறக்கினால் பெட்ரோல் கூடும்.

ஸ்ட்ராம்பெர்க்கில் பிஸ்டனைத் தூக்குவது ஒரு ரப்பர் டயாஃப்ரம். மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித்துளையும் தெரியும். கிழிந்திருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் வேகமே எடுக்காது. புதியதை மாட்டும்போது அதன் சிறு காது காடியில் உட்கார வேண்டும்.

சூட்டில் மட்டும் வரும் தொல்லை

நன்றாக ஓடி, கால் மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை என்பது, இஞ்சின் சூட்டில் பவுலில் பெட்ரோல் கொதித்து மெனிபோல்டுக்குள் வழிந்ததால் இருக்கலாம். ஆக்ஸிலரேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல், ஒரே அழுத்தாகத் தரை வரை மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். தேங்கிய பெட்ரோல் வெளியேறி ஸ்டார்ட் ஆகும். நிரந்தரத் தீர்வுக்குக் கார்ப்பரேட்டருக்கு அடியில் பேக்லைட் ஸ்பேசர் வையுங்கள், வெப்பத் தகடு காணாமல் போயிருந்தால் திரும்ப மாட்டுங்கள், பெட்ரோல் குழாயைச் சைலன்சர் பக்கத்திலிருந்து விலக்குங்கள்.

எத்தனால் எரிய 9 பங்கு காற்றே போதும். அதனால் எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டால் அதே ஜெட்டில் கலவை கொஞ்சம் மெலியும். 10 சதவீதக் கலப்புக்கு மிக்ஸரைத் தொட்டுத் திருத்தினாலே பெரும்பாலும் போதும். பழைய ரப்பர் ஹோஸ்கள் விஷயம் அப்படியல்ல: உள்பக்கம் உரிந்து கருந்துகளாக ஜெட்டுக்கு வந்துசேரும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று அச்சிட்டதை வாங்கி டேங்கிலிருந்து கார்ப்பரேட்டர் வரை ஒரே நாளில் மாற்றிவிடுங்கள்.

வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால், எலெக்ட்ரிக் பம்ப் உள்ள வண்டியில் பம்ப் ஒயரைக் கழற்றி, பவுல் காலியாகி இஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள்; மெக்கானிக்கல் பம்ப் என்றால், இஞ்சின் ஆறிய பிறகு பவுலைத் திறந்து வடித்துவிடுங்கள். திரும்ப எடுக்கும் நாளில் புதுப் பெட்ரோல் ஊற்றி, பவுல் நிரம்பும் வரை பத்துப் பத்து வினாடியாகச் செல்ஃப் அடித்து, இடையில் ஒரு நிமிடம் மோட்டார் ஆறவிட்டு, அதன் பிறகு சோக்கை இழுங்கள்.